விதை நிதி: முளைப்புச் சோதனையில் அறுவடை கேட்கலாமா?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இருக்கும் சுற்றுச்சூழல் சுகாதார ஆய்வு மையங்களைப் பற்றிப் படித்துக்கொண்டே போனால், ஒரு வகை வாக்கியம் அடிக்கடி எதிர்ப்படும். நாங்கள் விதை நிதியாகக் கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் இத்தனை டாலர் வெளி மானியமாகத் திரும்பி வந்திருக்கிறது என்று பெருமையோடு சொல்லும் வாக்கியம். எண் மட்டும் இடத்துக்கு இடம் மாறும். முதல் தடவை படிக்கும்போது, என்னடா இது, மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரம் மாதிரி இருக்கே என்று தோன்றும். நாலாவது தடவை கண்ணில் படாமலே போய்விடும்.

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் இந்தப் பதிவில் கொஞ்சம் விரிவாக விமர்சிக்கப் போகிறேன். வெறும் நிர்வாகக் கணக்கு, நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. குழாய்த் தண்ணீரில் ஈயம் இருக்கிறதா, அடுப்புப் புகை கர்ப்பிணிகளை என்ன செய்கிறது என்பது மாதிரியான கேள்விகளில் எது முதலில் கேட்கப்படும், எது கேட்கப்படாமலே போகும் என்பதை இந்த மாதிரி அளவுகோல்கள்தான் தீர்மானிக்கின்றன.

ஏற்பாடு என்ன?

அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பு என்.ஐ.எச். அதில் ஓர் அங்கம் என்.ஐ.இ.எச்.எஸ்., அதாவது தேசிய சுற்றுச்சூழல் சுகாதார அறிவியல் கழகம். இருப்பது வட கரோலினாவில். காற்று, தண்ணீர், மண், வேலையிடம், வீட்டுப் பொருள்கள் வழியாக உடம்புக்குள் என்ன போகிறது, போனது என்ன செய்கிறது என்று ஆராய்வது இதன் வேலை. பல பல்கலைக்கழகங்களில் பி30 என்ற மானியத்தின் மூலம் மையங்களை நடத்துகிறது. அப்படிப்பட்ட மையங்கள் தங்கள் பணத்தில் ஒரு பகுதியைச் சின்னச் சின்ன முன்னோட்ட ஆய்வுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். பெரும்பாலும் 25,000 முதல் 50,000 டாலர் வரை, ஒரு வருஷத்துக்கு. இதைத்தான் விதை நிதி என்கிறார்கள்.

ஏன் இது தேவைப்படுகிறது? என்.ஐ.எச்.சின் பெரிய மானியம் ஆர்01. நாலைந்து வருஷ வேலை, மொத்தத்தில் பத்து லட்சம் டாலரைச் சுலபமாகத் தாண்டும். அதற்கு விண்ணப்பித்தால், மதிப்பீட்டுக் குழு முதலில் தேடுவது முன்தரவு. இது நடக்கும் என்பதற்குக் கையில் என்ன ஆதாரம் வைத்திருக்கிறாய் என்று கேட்பார்கள். ஆதாரம் வேண்டுமென்றால் ஆய்வு செய்யணும், ஆய்வு செய்யப் பணம் வேணும், பணத்துக்கு ஆதாரம் வேணும். நம்ம ஊரில் கல்லூரி முடித்து வருகிறவனிடம் "ரெண்டு வருஷ அனுபவம் இருக்கா?" என்று கேட்பார்களே, அதே கதை. ஆர்21 என்று இடைப்பட்ட மானியம் ஒன்று உண்டு. இரண்டு வருஷத்துக்கு மொத்தம் 2,75,000 டாலர் வரை. விதிப்படி முன்தரவு கட்டாயம் இல்லை. ஆனா போட்டி என்று வந்துவிட்டால் தரவோடு வருகிறவருக்குத்தான் சாதகம். இந்த முடிச்சை அவிழ்ப்பதற்காகத்தான் விதை நிதி வந்தது. அந்த அளவில் நல்ல ஏற்பாடுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை, அதன் வெற்றியை எதை வைத்து அளக்கிறார்கள் என்பதில்.

ஸ்பைக்கும் டெமோவும்

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு 'ஸ்பைக்' என்றால் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பெரிய வேலை ஒன்றைத் தொடங்குவதற்கு முன்னால் டீம் லீட் ஒருவரைக் கூப்பிட்டு, "ஒரு வாரம் எடுத்துக்கோ, இந்த டேட்டாபேஸ் நம்ம லோடைத் தாங்குமான்னு மட்டும் பார்த்துச் சொல்லு" என்பார். அந்த ஒரு வாரத்தில் எழுதிய கோடு குப்பைக்குப் போய்விடும். பதில் மட்டும்தான் மிஞ்சும். "தாங்காது" என்று பதில் வந்தால் யாரும் திட்ட மாட்டார்கள். ஆறு மாச உழைப்பு மிச்சமாயிற்று என்று சந்தோஷப்படுவார்கள்.

டெமோ என்பது வேறு. வாடிக்கையாளர் முன்னால் வேலை செய்கிற பாதையை மட்டும் காட்டுவோம். எந்தப் பட்டனை அழுத்தினால் விழுமோ அந்தப் பக்கம் மவுஸே போகாது. டெமோவின் நோக்கம் ஆர்டர் வாங்குவது. அதைத் தப்பு என்று சொல்லவில்லை, ஆனால் டெமோவிலிருந்து யாரும் உண்மையைக் கற்றுக்கொள்வதில்லை.

விதை ஆய்வு ஸ்பைக்காக இருக்க வேண்டியது. "எத்தனை டாலர் மானியம் வந்தது?" என்று அளக்க ஆரம்பித்த உடனே அது டெமோவாக மாறிவிடுகிறது. இதற்கு யாரும் கெட்ட எண்ணத்தோடு இருக்க வேண்டியதே இல்லை. அளவுகோலே அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

விவசாயத்தில் இதற்கு இன்னும் பொருத்தமான உவமை இருக்கு. விதைப்பதற்கு முன்னால் முளைப்புச் சோதனை பார்ப்பார்கள். நூறு நெல்லை எண்ணி எடுத்து, ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, சில நாள் கழித்து எத்தனை முளைவிட்டிருக்கிறது என்று எண்ணுவார்கள். சான்று பெற்ற விதைநெல் என்றால் இந்தியாவில் குறைந்தது 80 சதவீதம் முளைத்தாகணும். ஐம்பத்தைந்துதான் முளைத்தது என்றால் அந்த மூட்டையை ஒதுக்கிவிட்டு வேற விதை பார்ப்பார்கள். சோதனை அதோடு முடிந்தது, வயலும் பருவமும் தப்பியது. சாக்கில் போட்ட அந்த நூறு நெல்லிலிருந்து எத்தனை மூட்டை அறுத்தாய் என்று எந்த விவசாயியும் கேட்பதில்லை.

மூன்று விதைகள்

சரி, உவமை போதும். இந்தத் துறையில் உண்மையில் நடந்த மூன்று வேலைகளைப் பார்ப்போம். மூன்றுமே இன்றைய பி30 விதை நிதியில் நடந்தவை என்று நான் சொல்லவில்லை. மூன்றின் குணமும் விதை ஆய்வின் குணம். சின்னது, புதுசு, நடக்குமா நடக்காதா என்று தெரியாமல் இறங்கியது. தொடர் மானியக் கணக்கு என்ற அளவுகோல் இவற்றில் எதைப் பார்க்கும் என்பதே நம் கேள்வி.

முதலாவது, பற்கள். ஹெர்பர்ட் நீடில்மன் என்ற குழந்தை மனநல மருத்துவர், ஈயம் குழந்தைகளின் மூளையை என்ன செய்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார். இரத்தத்தில் அளந்தால் அண்மையில் உள்ளே போன ஈயம்தான் பெரும்பாலும் தெரியும். பல வருஷமாகச் சேர்ந்தது தெரியாது. ஈயம் எலும்பிலும் பல்லிலும் போய்த் தங்கும். குழந்தைகளுக்குப் பால் பற்கள் தானாகவே விழுகின்றன. ஊசி வேண்டாம், அழுகை வேண்டாம், விழுந்த பல்லைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். 1972ல் வெளியான ஆய்வில், நகரத்துக் குழந்தைகளின் பற்களில் புறநகர்க் குழந்தைகளைவிடச் சுமார் ஐந்து மடங்கு ஈயம் இருந்தது. முறை வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டது. 1979ல் பாஸ்டனுக்குப் பக்கத்துப் பள்ளிக் குழந்தைகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு வெளிவந்தது. பல்லில் ஈயம் குறைவாக இருந்தவர்களின் சராசரி ஐ.க்யூ. 106.6, அதிகமாக இருந்தவர்களுடையது 102.1. யாரும் ஈய நஞ்சு என்று ஆஸ்பத்திரிக்குப் போன குழந்தைகள் இல்லை. பார்த்தால் ஆரோக்கியமாகத் தெரிந்தவர்கள். இந்த ஏழு வருஷப் பயணத்தை நம் அளவுகோல் பார்த்துவிடும். சின்னதிலிருந்து பெரிது வந்தது, கணக்கில் வரவு.

இரண்டாவது, ஃபிளிண்ட். 2014 ஏப்ரலில் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளிண்ட் நகரம், செலவைக் குறைக்க டெட்ராய்ட் தண்ணீரை விட்டுவிட்டு ஃபிளிண்ட் ஆற்றுத் தண்ணீருக்கு மாறியது. குழாய் அரிமானத்தைத் தடுக்கச் சேர்க்க வேண்டிய பாஸ்பேட்டைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களின் ஈயம் தண்ணீரில் இறங்கத் தொடங்கியது. லீஆன் வால்டர்ஸ் என்ற தாய் தன் வீட்டுத் தண்ணீரைப் பற்றி விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். வர்ஜீனியா டெக் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸ் 2015ல் அந்த வீட்டு மாதிரிகளைச் சோதித்தபோது, ஒன்றில் 13,200 பிபிபி ஈயம் இருந்தது. பிபிபி என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு. அமெரிக்க விதிப்படி, ஒரு ஊரில் எடுத்த மாதிரிகளில் பத்து சதவீதத்துக்கு மேல் 15 பிபிபியைத் தாண்டினாலே நடவடிக்கை எடுத்தாக வேண்டும்.

என்.எஸ்.எஃப். என்னும் தேசிய அறிவியல் அறக்கட்டளையில் 'ராபிட்' என்று ஒரு வழி இருக்கிறது. நேரம் தப்பினால் தரவு கிடைக்காத வேலைகளுக்கானது. வெளி மதிப்பீட்டாளர் குழு கூட வேண்டியதில்லை, அங்கிருக்கும் அலுவலர்களே படித்துப் பார்த்து முடிவெடுப்பார்கள். அந்த வழியில் எட்வர்ட்ஸ் குழுவுக்குச் சுமார் 50,000 டாலர் கிடைத்தது. அது போதாமல் அவர் தன் கையிலிருந்தும் போட்டார். ஊர்க்காரர்களிடம் சுமார் 300 மாதிரிப் பெட்டிகள் போயின, சில வாரங்களில் 250க்கு மேல் திரும்பி வந்தன. பத்தில் ஒரு வீட்டில் 25 பிபிபியோ அதற்கு மேலோ இருந்தது. அதே செப்டம்பரில் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அத்திஷா, ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே இருந்த இரத்தப் பரிசோதனைப் பதிவுகளை எடுத்து எண்ணினார். ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் இரத்த ஈயம் கூடுதலாக இருந்தவர்களின் விகிதம், தண்ணீர் மாறிய பிறகு 2.4 சதவீதத்திலிருந்து 4.9 சதவீதமாகியிருந்தது. அக்டோபரில் நகரம் டெட்ராய்ட் தண்ணீருக்கே திரும்பியது.

இப்ப சொல்லுங்க, அந்த 50,000 டாலரின் பலனை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அதற்குப் பிறகு யாருக்கு என்ன மானியம் வந்தது என்பது இங்கே பேச்சே இல்லை. கேள்வி கேட்டார்கள், பதில் கிடைத்தது, ஒரு ஊரின் தண்ணீர் மாறியது. தொடர் மானிய அளவுகோலில் இந்த வேலையின் முக்கியமான பலனுக்குக் கட்டமே கிடையாது.

மூன்றாவது, அடுப்புப் புகை. இது நம் பக்கத்துக் கதை. கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து, குஜராத்தின் நான்கு கிராமங்களில் சமைக்கும் பெண்களின் மேலேயே அளவுக் கருவியை மாட்டி அவர்கள் சுவாசிக்கும் காற்றை அளந்தார். 1983ல் வெளியான அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே 'முன்னோட்டக் கிராம ஆய்வு' என்ற பொருள்பட இருக்கும். சமைக்கும் நேரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 7 மில்லிகிராம் துகள் இருந்தது. காற்று மாசு என்றால் ஆலைப் புகைபோக்கி, கார் புகை என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

அதன் பிறகு? குவாத்தமாலாவில் 534 வீடுகளில் சுமார் பாதிக்குப் புகைபோக்கி வைத்த அடுப்பு கொடுத்து, குழந்தைகளுக்கு நிமோனியா குறைகிறதா என்று ஸ்மித்தும் மற்றவர்களும் பார்த்த ஆய்வு முழுதாக வெளிவந்தது 2011ல். அதே கேள்வியின் அடுத்த பெரிய படி 'ஹாப்பின்' ஆய்வு. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா என நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகள். இந்தியப் பகுதி நடந்தது தமிழ்நாட்டில், விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில். நடத்தியது சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவில் கல்பனா பாலகிருஷ்ணன் குழு. பாதிப் பேருக்கு காஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்தார்கள். பிறப்பு எடை பற்றிய முடிவு 2022ல் வந்தது. காஸ் கிடைத்தவர்கள் சுவாசித்த நுண்துகள் அளவு, கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குதான். ஆனா குழந்தைகளின் பிறப்பு எடையில் இருந்த வித்தியாசம் சுமார் 20 கிராம். புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை என்றே கொள்ள வேண்டும்.

குஜராத்துக் கட்டுரையிலிருந்து இந்த முடிவுக்கு 39 வருஷம். ஸ்மித் 2020ல் இறந்துவிட்டார். விதை நிதியின் பலனை இரண்டு மூன்று வருஷத்தில் எடுத்துக் காட்டு என்று 1985 வாக்கில் யாராவது கேட்டிருந்தால், இந்தக் கிராம ஆய்வு வராக்கடன் வரிசையில்தான் நின்றிருக்கும்.

நாற்பது குழந்தைகள் கணக்கு

இதுவரை சொன்னது, அளவுகோல் எதைப் பார்க்காது என்பது. இனி, அது பார்க்கிறதையே எப்படிக் கெடுக்கிறது என்று பார்ப்போம். கொஞ்சம் கணக்கு வரும், பயப்படாதீர்கள்.

ஒரு ரசாயனம் குழந்தைகளின் ஐ.க்யூ.வை உண்மையிலேயே சராசரியாக 3 புள்ளி குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கற்பனை எண்தான், ஆனால் நீடில்மன் கண்ட 4.5க்குப் பக்கத்தில் இருக்கிறது. ஐ.க்யூ.வின் திட்டவிலக்கம் 15. ஒரு இளம் பேராசிரியர் 40,000 டாலர் விதை நிதியில் 40 குழந்தைகளைச் சேர்க்கிறார். ரசாயனம் அதிகம் உள்ளவர்கள் 20, குறைவாக உள்ளவர்கள் 20. வழக்கமான 5 சதவீத அளவில் "வித்தியாசம் இருக்கிறது" என்று அவர் சொல்ல வேண்டுமென்றால், இரண்டு குழுவுக்கும் நடுவில் குறைந்தது 9.6 புள்ளி வித்தியாசம் தெரியணும். உண்மை 3 ஆக இருக்கும்போது 9.6 தெரிய வாய்ப்பு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. பைத்தானில் பத்து வரி எழுதி நீங்களே ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

அதாவது, இந்த ஆய்வைப் பத்து பேராசிரியர்கள் தனித்தனியாகச் செய்தால், சுமார் ஒன்பது பேருக்கு "ஒன்றும் தெரியவில்லை" என்று வரும். ஒருவருக்கு "பிரமாதம்" என்று வரும். அந்த ஒருவர் பெரிய மானியத்துக்குப் போவார், கிடைக்கும், மையத்தின் வரவுக் கணக்கில் ஏறுவார். ஆனால் அவர் கையில் இருக்கும் எண் உண்மையைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஊதிப்போன எண். அவருடைய திறமைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, சின்ன மாதிரியின் தற்செயல். அந்த 9.6ஐ நம்பி அடுத்த ஆய்வைத் திட்டமிட்டால் குழுவுக்கு 40 பேர் போதும் என்று கணக்கு சொல்லும். உண்மையான 3 புள்ளியைப் பிடிக்கக் குழுவுக்குச் சுமார் 400 பேர் வேணும். பெரிய ஆய்வும் பத்தில் ஒரு பங்கு அளவில் தொடங்கி, பெரும்பாலும் ஒன்றும் தெரியாமலே முடியும்.

மூன்று புள்ளிதானே, போனால் போகட்டும் என்று தோன்றலாம். ஒரு குழந்தையிடம் அது தெரியாது, அம்மாவுக்கும் டீச்சருக்கும்கூடத் தெரியாது. ஊர் முழுக்கப் பரவினால் கதை வேறு. சராசரி 100லிருந்து 97க்கு இறங்கினால், 70க்குக் கீழே இருப்பவர்களின் பங்கு 2.3 சதவீதத்திலிருந்து 3.6 சதவீதமாகிவிடும். பத்து லட்சம் குழந்தைகள் இருக்கும் இடத்தில் கூடுதலாகப் பதின்மூவாயிரம் பேர். சுற்றுச்சூழல் சுகாதாரத்தின் இயல்பே இதுதான். ஒவ்வொருவருக்கும் கொஞ்சம், மொத்தத்தில் நிறைய. அதனால்தான் இந்தத் துறையில் சின்ன ஆய்வை வைத்துப் பாதிப்பின் அளவைக் காட்டச் சொல்வது ரொம்பவே தப்பான கேள்வி.

அப்போ சின்ன ஆய்வு எதற்குத்தான் உதவும்? நிறைய விஷயத்துக்கு. பெட்டி கொடுத்தால் ஜனங்கள் திருப்பித் தருவார்களா? ஃபிளிண்டில் தந்தார்கள். பால் பல்லில் ஈயம் அளக்க முடியுமா? முடிந்தது. சமைக்கிற பெண் கருவியை மாட்டிக்கொண்டு வேலை பார்க்கச் சம்மதிப்பாரா? சம்மதித்தார்கள். இவையெல்லாம் 'நடக்குமா' என்ற கேள்விகள். நாற்பது பேரை வைத்தே நேர்மையாகப் பதில் சொல்லிவிடலாம். "இத்தனை புள்ளி பாதிப்பு" என்ற கேள்விக்கு முடியாது. மானிய வேட்டைக்கு எடுபடுவது என்னவோ இரண்டாவது வகைப் பதில்தான். விதை நிதி தன்னால் முடிகிற வேலையை விட்டுவிட்டு முடியாத வேலையைச் செய்ய ஓடுகிறது என்று நான் சொல்வது இதைத்தான்.

நம்ம ஊர்க் கணக்கு

இங்கேயும் விதை நிதி இருக்கு. பல்கலைக்கழகங்களுக்கான நாக் மதிப்பீட்டுக் கையேட்டில், ஆசிரியர்களுக்கு ஆய்வுக்காக நிறுவனம் சராசரியாக ஆண்டுக்கு எத்தனை லட்சம் ரூபாய் விதைப் பணம் கொடுத்தது என்று ஒரு அளவீடு உண்டு. அமெரிக்காவில் எவ்வளவு வந்தது என்று எண்ணுகிறார்கள், இங்கே எவ்வளவு கொடுத்தோம் என்று எண்ணுகிறோம். அங்கே அறுவடை மூட்டைக் கணக்கு, இங்கே தூவிய விதையின் எடைக் கணக்கு. முளைத்ததா என்று இரண்டு இடத்திலும் கேட்கவில்லை.

எதிர்த்தரப்பு சொல்வது

நியாயமாக அவர்கள் தரப்பையும் பார்க்கணும். பொதுப் பணம், எதையாவது அளந்துதான் ஆகணும், அளக்கவே மாட்டேன் என்றால் வேண்டப்பட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் சங்கதியாகிவிடும் என்பார்கள். உண்மைதான். அளவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தொடர் மானியம் வாங்குவதற்கு வெளி மதிப்பீட்டாளர்களின் சல்லடையைத் தாண்ட வேண்டும், அதனால் அது தரத்துக்கு ஒரு அடையாளம்தானே என்பார்கள். ஓரளவு அடையாளம்தான். ஆனால் ஏற்கெனவே பெரிய ஆய்வகமும் பழைய மானியங்களும் உள்ளவருக்கு விதை நிதி கொடுத்தாலும் அந்த எண் கூடும். அவர் அந்த மானியத்தை எப்படியும் வாங்கியிருப்பார். எண்ணைக் கூட்ட வேண்டுமென்றால் நிர்வாகிக்கு மிகச் சுலபமான வழி, விதை தேவைப்படாதவருக்கே விதையைக் கொடுப்பது. இப்படித் திருப்பிவிடக்கூடிய எண்ணைத் தரத்தின் அடையாளமாக எப்படி நம்புவது?

இளம் ஆய்வாளர்கள் காலூன்ற இது உதவுகிறதே என்பது மூன்றாவது வாதம். உதவுகிறது. மானிய எண்ணிக்கை, ஒரு ஆய்வாளரின் பணி வாழ்க்கை நிலைத்ததா என்பதைக் காட்டும் எண். அப்படியே பெயர் சொல்லி அதற்காக வைத்துக்கொள்ளட்டும். ஊர்ஜனங்களின் ஆரோக்கியத்துக்குக் கிடைத்த பலன் என்ற தலைப்பின் கீழே அதைப் போட வேண்டாம்.

வேற எப்படி அளக்கலாம்?

பெரிய புரட்சியெல்லாம் தேவையில்லை. நாலு சின்ன மாற்றம் போதும் என்று நினைக்கிறேன்.

விண்ணப்பத்திலேயே ஒரு வரி எழுதச் சொல்லலாம்: எந்தப் பதில் வந்தால் இந்த யோசனையை இத்தோடு கைவிடுவீர்கள்? அதற்குப் பதில் எழுத முடியவில்லை என்றால் அது ஸ்பைக் இல்லை, டெமோ. வருஷம் முடியும்போது, அந்தப் பதில் கிடைத்ததா என்று மட்டும் பார்த்தால் போதும். "கிடைத்தது, கைவிடுகிறோம்" என்பதற்கும் முழு மதிப்பெண்.

முடிவு எப்படி வந்தாலும் நாலு பக்கத்தில் பொதுவில் வைக்க வேண்டும். மேலே சொன்ன பத்து பேராசிரியர்களில் ஒன்பது பேரின் தரவும் வெளியே இருந்தால், பத்தாவது ஆளின் 9.6ஐ யாரும் அப்படியே நம்ப மாட்டார்கள். பத்தையும் சேர்த்துப் பார்த்தால் உண்மையான 3க்குப் பக்கத்தில் வந்துவிடலாம். ஒன்பது பேர் அலமாரியில் பூட்டி வைத்தது, நாம் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய தரவு.

மாதிரி கொடுத்தவர்களுக்கு முடிவு திரும்பிப் போக வேண்டும். அறுபது வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போனால், அறுபது வீட்டுக்கும் அவரவர் எண்ணையும் அதற்கு என்ன அர்த்தம் என்பதையும் புரிகிற மொழியில் திருப்பிச் சொல்வதற்கான செலவு அந்த 40,000 டாலருக்குள்ளேயே இருக்கணும். ஆய்வாளருக்கு அது முன்னோட்டத் தரவு. அந்த வீட்டுக்காரருக்கு அது இன்றைக்கு ராத்திரி பிள்ளைக்குக் கொடுக்கப்போகும் தண்ணீர்.

நாலாவது, பத்து வருஷம் கழித்து ஒரு தடவை திரும்பிப் பார்க்க வேண்டும். இரண்டாம் வருஷக் கணக்கோடு கோப்பை மூடிவிட்டால் ஸ்மித் மாதிரியான வேலைகள் யார் கண்ணிலும் படாது. பத்து வருஷத்துக்கு முந்தைய விதை ஆய்வுகளில் எது ஒரு முறையாக நிலைத்தது, எது ஒரு ஊரில் ஒரு விதியை மாற்றியது, எது தப்பு என்று தெரிந்து மற்றவர்களின் நேரத்தை மிச்சப்படுத்தியது என்று ஒரு பட்டியல் போடலாம். ஒரு ஆராய்ச்சி மாணவருக்கு ஒரு செமஸ்டர் வேலை.

அடுத்த முறை ஏதாவது பல்கலைக்கழகம் புது விதை நிதி அறிவித்தது என்று செய்தி படித்தால், தொகையைத் தாண்டி, போன தடவை கொடுத்ததில் எதெல்லாம் நடக்காது என்று தெரிந்துகொண்டார்கள் என்று தேடிப் பாருங்கள். நான் பார்த்த வரைக்கும் அந்தப் பகுதி மட்டும் அறிக்கைகளில் இருப்பதில்லை. உங்களில் யாராவது விதை நிதி வாங்கி ஆய்வு செய்து, "ஒன்றும் இல்லை" என்று பதில் வந்து, அது எங்கேயும் வெளிவராமல் கிடக்கிறது என்றால் எழுதுங்கள். மூன்று பத்தி போதும். அப்படி நாலைந்து சேர்ந்தாலே இந்தப் பதிவின் அடுத்த பகுதியை எழுதிவிடலாம்.